கழுகு போன பக்கம்

தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அண்ணன் காரில் ஏறினார். ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தாயிற்று, காரை நிறுத்தியாயிற்று, மிசிசிப்பி அணைக்குக் கீழே ஆவி பறக்க ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பனியில் நிற்கிறார்கள். செங்கமலத்தின் மனசு மட்டும் வீட்டு வாசலைத் தாண்டாமல் அந்த ஒரு டம்ளர் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தது. காலையில் அவள் வாசல் பனியைத் தள்ளிவிட்டு உள்ளே திரும்பினாள். கோட்டும் குல்லாயுமாக வெளியே வலது காலை வைக்கப்போன வேணு அண்ணன் எதிரே அவளைப் பார்த்ததும் நின்றார். ஒரு நொடிதான். "தாகமா இருக்கும்மா" என்று முனகிக்கொண்டே உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எழுந்து வந்தார். பல் கூசுகிற ஜனவரித் தண்ணீரை யார் தாகத்துக்குக் குடிப்பார்கள்? மன்னார்குடியில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். கிளம்புகிற நேரத்தில் தாலியறுத்தவள் எதிரே வந்தால் திரும்பிப் போய் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் அங்கேயே நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். கால் தானாக நின்றது, கை தானாக டம்ளரைத் தேடியது. தங்கை மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷர், முதல் தடவையாக விமானம் ஏறி, சாப்பாடு பிடிக்காமல் தயிர்சாதத்திலேயே காலத்தை ஓட்டிக்கொண்டு, அவளைக் கையோடு அழைத்துப் போவதற்கென்றே வந்திருக்கிற மனுஷர். வருகிற சனிக்கிழமைக்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. அவள்தான் இன்னும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போவோம், கழுகு பார்ப்போம், அங்கே வைத்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, ஆறும் வந்துவிட்டது.

வடக்கே ஆறு முழுக்க இறுகிக் கிடக்கும்போது அணையின் மதகுக்குக் கீழே மட்டும் தண்ணீர் உறையாது. அந்தத் திறந்த தண்ணீருக்காகத்தான் அத்தனை பறவைகளும் இங்கே வந்து குவிகின்றன. மதகில் அடிபட்டு மயங்கி மிதக்கிற மீன், அதற்குக் கடல்காக்கைகள், முக்குளிக்கிற வாத்துகள், கரையில் கழுத்தை நீட்டிச் சண்டை போடுகிற பெரிய வாத்துக் கூட்டம், எல்லாவற்றுக்கும் மேலே இலையில்லாத மரங்களில் கருப்பாகக் குந்தியிருக்கிற கழுகுகள். கறிக்கடைக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை நிற்கிற கூட்டம் போலத்தான் இருக்கும். இதையெல்லாம் புருஷன் தேவநாதன் அவளுக்குச் சொல்லித்தான் தெரியும், பார்த்துத் தெரியாது. கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலத்திலிருந்து போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம் வரை அவர் கரையில் நின்று பார்ப்பார், அவள் காருக்குள் உட்கார்ந்திருப்பாள். "உனக்குக் குளிர் ஆகாது செங்கு, ஹீட்டரைப் போட்டுட்டு உக்காரு." ஃபிளாஸ்க்கில் காபி, மடியில் போர்வை, கண்ணாடி முழுக்க மூச்சுக்காற்றின் ஆவி. புறங்கையால் வட்டமாகத் துடைத்துவிட்டு அந்த வட்டத்துக்குள் தெரிகிற அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கழுகு பார்க்கப் போய் வந்தேன் என்று ஊருக்குப் போனில் சொல்லுவாள். பார்த்ததெல்லாம் ஒரு நீலக் கோட்டின் முதுகு. குளிர் ஆகாது என்று யார் சொன்னது, ஒரு தடவையாவது இறங்கிப் பார்த்தாளா? கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டிருப்பார், அவ்வளவுதான், அவர் அப்படிப்பட்டவர்தான். நல்லவர்களோடு வாழ்வதில் இந்த ஒரு தொல்லை, சண்டை போட ஒரு பிடி கிடைக்காது. பனியில் கார் ஓட்டவும் உனக்கு வராது என்றார். அதையும் அப்படியே நம்பினாள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸின் பின்னால் போகக்கூட அடுத்த வீட்டுக்காரனைக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த வழி முழுக்க அடுத்தவன் காரில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாளே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அவர் மேலா, தன் மேலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இப்போது கால் விரல்கள் மரத்துக்கொண்டு வருகின்றன, மூக்கு நுனி எரிகிறது, கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது. ஆகத்தான் செய்கிறது இந்தக் குளிர். நன்றாகவே ஆகிறது.

"அந்த மஞ்ச பஸ்ஸு வேலைய விட்டுடுறேன்னு எழுதிக் குடுத்துட்டியாம்மா?" என்றார் அண்ணன், வாயிலிருந்து புகை விட்டுக்கொண்டு. "இன்னும் இல்லண்ணே." அவருக்கு அந்த வேலையின் பெயரே வாயில் வராது. ஊரில் கேட்பவர்களிடம் தங்கை அமெரிக்காவில் போக்குவரத்துத் துறையில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார். பொய்யில்லைதான். தேவநாதன் போன அடுத்த மாசமே ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள், கார் லைசென்ஸ் வாங்கின கையோடு பள்ளிக்கூட பஸ் லைசென்ஸும் வாங்கினாள். பனியில் உனக்கு வராது என்ற வார்த்தையோடு மல்லுக்கட்ட அதைவிடப் பெரிய வண்டி ஊரில் கிடைக்கவில்லை. முதல் நாள் நடந்து போகிற வேகத்துக்கு மேல் ஓட்டவில்லை. இப்போது வழுக்கும் வளைவில் பிரேக்கில் கால் வைக்காமல் வேகத்தைக் குறைப்பதெல்லாம் தோசை திருப்புவது மாதிரி ஆகிவிட்டது. விடிந்தும் விடியாமலும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பஸ் நிற்கும், கதவு திறக்கும், "குட்மார்னிங் மிஸ் செங்" என்று மூக்கொழுக ஒன்று ஏறும். இந்த ஊரில் அத்தனை பிள்ளைகளுக்கும் காலையில் முதலில் எதிர்ப்படுகிற முகம் அவள் முகம். ஒன்றுகூடத் திரும்பி வீட்டுக்குள் ஓடித் தண்ணீர் குடித்ததில்லை. ஓடினால் மறந்துபோன சாப்பாட்டு டப்பாவுக்காகத்தான் ஓடும். ஆனால் பயம் இல்லாமல் இல்லை, யார் இல்லையென்றது. டிசம்பரில் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனவள் கண்ணாடி மாதிரி உறைந்திருந்த தரையில் வழுக்கி மல்லாக்க விழுந்தாள். பின்னந்தலை ணங்கென்றது. எழுந்திருக்க முடியவில்லை. வானம் சாம்பலாக இருந்தது, சத்தமே இல்லை, தெருவில் ஒரு நாய்கூட இல்லை. இப்படியே கிடந்தால் நாளைக் காலை பஸ் வராதபோதுதான் யாருக்காவது தெரியும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அந்தத் தரையைவிட ஜில்லென்று இருந்தது. பிறகு புரண்டு, முழங்காலை ஊன்றி, குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம் சொன்னால் சனிக்கிழமைகூடக் காத்திருக்க மாட்டார், அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே மன்னார்குடிக்குக் கிளம்பிவிடுவார். மாடியில் அவளுக்கென்று ஒரு அறை கட்டியிருக்கிறார். குளியலறை உள்ளேயே. ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியுமாம்.

"பெருமாளே!" அந்தச் சத்தத்தில் நினைப்பு அறுந்தது. தண்ணீருக்கு மேலே, தாழ, இறக்கையைத் தட்டாமல் விரித்தபடி ஒரு கழுகு வந்துகொண்டிருந்தது. பழுப்பு உடம்பு, வெள்ளை வெளேரென்று தலை. அண்ணன் கையுறைகளைப் பிய்த்துப் பனியில் போட்டார், குல்லாயைக் கழற்றினார், பளார் பளாரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கருடன்ம்மா! கருடாழ்வாரே வந்துட்டாரு! கும்புட்டுக்க, கும்புட்டுக்க!" கோயில் கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு மேலே வட்டமிடுகிற அதே செம்பருந்தைத்தான் அவர் பார்க்கிறார்; அதற்கும் தலை வெள்ளை, உடம்பு பழுப்பு. இது அதைப்போல இரண்டு மடங்கு பெரிசு, வாலும் வெள்ளை. அதனாலென்ன, அமெரிக்காவில் எல்லாமே கொஞ்சம் பெரிசுதானே என்று அவருக்குத் தோன்றியிருக்கும். குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கப் போனார். சாமியை ஷூ போட்டுக்கொண்டு கும்பிடலாமா? "அண்ணே, கால் வெறச்சுப் போயிடும், விடுங்க" என்று தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். பக்கத்தில், வாரந்தவறாமல் தொலைநோக்கியை நிறுத்திவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் கழுகு காட்டுகிற ரூத் கிழவி பதறிப்போய் ஓடி வந்தாள். அவர் கன்னம் மரத்துவிட்டதா, அப்படி அடித்துக்கொண்டால் தோல் பிய்ந்துவிடும், இதை வைத்து ஒத்தடம் கொடுக்கச் சொல் என்று கையைச் சூடாக்குகிற சின்னப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. வெதுவெதுவென்று ஏதோ கொடுக்கிறார்கள் என்றதும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செங்கமலத்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை மாசத்துக்குப் பிறகு இப்படிச் சிரிப்பு வருகிறது, அதுவும் இவரால்தான் வருகிறது. சின்ன வயசில் சைக்கிள் பின்னால் உட்காரவைத்து ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவர் இவர்தானே. இவரை எப்படிப் போகச் சொல்வது? எப்படித் தனியாக அந்த விமானத்தில் ஏற்றிவிடுவது, பக்கத்தில் ஒரு காலி சீட்டோடு?

அதற்குள் கழுகு ஒரு காரியம் செய்தது. கடல்காக்கை ஒன்று பாடுபட்டுப் பிடித்து வாயில் கவ்விக்கொண்டு பறந்த மீனைத் துரத்தி, அது பயந்து கீழே போட்டதும் தண்ணீரில் விழுமுன் காலால் பற்றிக்கொண்டு போயிற்று. "உங்க கருடாழ்வார் திருடிட்டுப் போறாரே அண்ணே." "பெருமாள் வாகனம் எடுத்துக்கிட்டா அது திருட்டாம்மா? நைவேத்தியம்." அவரை மடக்க முடியாது. கழுகு ஒரு பனிப்பாளத்தில் இறங்கிக் காலால் அழுத்திக்கொண்டு மீனைக் கிழித்தது. பாளம் அதைச் சுமந்துகொண்டே நீரோட்டத்தில் மெதுவாகக் கீழே போயிற்று, தெப்பத்தில் போகிற மாதிரி. எவ்வளவு அமர்த்தலாக உட்கார்ந்திருக்கிறது, யாருக்கும் ஒதுங்கிக்கொள்ளவில்லை. மன்னார்குடியில் அவள் ஒதுங்கிக்கொள்வாள். யாரும் ஒதுங்கச் சொல்ல மாட்டார்கள், அதுதான் கொடுமை. அண்ணி தங்கமானவள். அண்ணன் மகனுக்கு ஆவணியில் கல்யாணம். மாலை மாற்றுகிற நேரத்தில் அண்ணி மெதுவாக வந்து, "கமலம், அந்த சமையல்காரங்களக் கொஞ்சம் பாத்துக்கிறியா, உன்னவிட்டா எனக்கு யாரு இருக்கா" என்பாள். அவளும் போவாள். சமையல்கட்டில் நின்று மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நலங்கு வைக்கக் கூப்பிடும்போது எல்லார் கண்ணும் ஒரு தரம் அவள் மேல் விழுந்து நகரும். யாராவது வெளியே கிளம்பும்போது அவளே பார்த்து மாடிப்படியில் நின்றுகொள்வாள், அவர்கள் தெருமுனை திரும்பின பிறகு இறங்கி வருவாள். கொஞ்ச நாளில் அதுவும் பழகிப்போகும். செருப்புச் சத்தம் கேட்டதுமே கால் தானாகப் பின்வாங்கும், அண்ணன் கால் இன்று காலையில் தானாக நின்ற மாதிரியே. மறுபடி ஒரு கண்ணாடிக்குப் பின்னால் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். என்ன, இந்தத் தடவை கண்ணாடியில் கோபுரம் தெரியும். நெற்றியில் கை போயிற்று. கறுப்புப் பொட்டு குல்லாய்க்குக் கீழே ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. வந்த அன்றே அண்ணன் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, அவள் பார்க்காதபோது இன்னொரு தரம் பார்த்தார். ஐம்பத்திரண்டு வயசில் ஒருத்தி கெட்ட சகுனமாக வேலைக்குச் சேர வேண்டுமாம், தங்குமிடம் இலவசம். முடியாது. நினைத்ததும் உடம்பெல்லாம் ஒரு சூடு ஓடியது. விழுந்தால் விழுகிறாள். குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள், எழுந்திருக்க முடியாவிட்டால் கிடப்பாள். அப்படியும் அது அவள் தரையாக இருக்கும்.

பனிப்பாளம் வெகுதூரம் கீழே போனதும் கழுகு மீன் எலும்பை விட்டுவிட்டு எழும்பி, வந்த வழியே அணையை நோக்கித் திரும்பிப் பறந்தது. அண்ணன் அவள் முழங்கையைப் பிடித்தார். "பாத்தியா? எடதுலேருந்து வலத்துக்குப் போறாரு! நான் மனசுக்குள்ள கேட்டுக்கிட்டே நின்னேம்மா. தங்கச்சி வர்றது நல்லதுன்னா இடமிருந்து வலமா போய்க் காட்டு சாமின்னு. போயிட்டாரு பாரு. உத்தரவு ஆயிடுச்சு. இனிமே நீ ஒண்ணும் யோசிக்காத." கண் கலங்கியிருந்தது அவருக்கு. குளிர் இல்லை, அழுகைதான். ஒரு கணம், அந்த ஒரு கணம்தான், சரி அண்ணே என்று சொல்லிவிட்டால் என்ன என்று அவளுக்கும் தோன்றிவிட்டது. எத்தனை சுலபம். இரண்டே வார்த்தை. அதோடு எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள், அவளைத் தவிர. பாளத்தில் மிதந்து கீழே போவதும் தின்று முடித்து அணைக்குத் திரும்புவதும் இந்தக் கழுகுகளுக்கு நாள் முழுக்க நடக்கிற வேலை. இந்தக் கரையில் நிற்கிறவனுக்கு அவை நாள் முழுக்க இடமிருந்து வலம்தான் போகும். எதிரே, ஆற்றின் அந்தக் கரையிலும் நாலைந்து பேர் எறும்பளவில் நின்று இதே கழுகைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். "வாங்கண்ணே, காருல ஏறுங்க." "வீட்டுக்கா?" "அந்தக் கரைக்கு."

பாலத்தில் உப்பு தூவியிருந்தார்கள், இருந்தும் நடுவில் பளபளவென்று ஒரு பட்டை உறைந்து கிடந்தது. பின்சக்கரம் லேசாகத் துடித்தது. அண்ணன் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு "கோவிந்தா" என்றார். அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள், ஸ்டியரிங்கை அசைக்காமல் பிடித்தாள், வண்டி தானே அடங்கிற்று. பாலம் இறங்கினால் வேறு மாநிலம், பலகை ஒன்று வரவேற்றது; அதே பனி, அதே சாம்பல் வானம். கரையோரம் நிறுத்திவிட்டு இறங்கினார்கள். சரிவு மோசமாக இருந்தது. "நான் கால் வெக்கிற எடத்துலயே வெச்சு வாங்கண்ணே, வழுக்கும்." "நான் என்ன சின்னப் புள்ளையா" என்று அவர் தனி வழியாக இறங்கினார், இரண்டு முறை தடுமாறி ஒரு மரக்கிளையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரோரம் நின்றார்கள். காத்திருந்தார்கள். முக்குளிக்கிற வாத்துகள் ஒவ்வொன்றாக முங்கின, எங்கோ எழுந்தன. கீழே வெகுதூரத்தில் ஒரு பாளத்திலிருந்து கழுகு ஒன்று எழும்பியது. அணையை நோக்கி, அதே அணையை நோக்கி, தலை சாம்பல் வானத்தில் பளிச்சென்று தெரிய, நிதானமாக வந்து, அவர்களைக் கடந்து போயிற்று. அண்ணனின் கை கன்னத்துக்குப் போகப் பாதி தூரம் எழுந்து அப்படியே நின்றது. "இப்ப எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லுங்க." அவர் கழுகு போன பக்கத்தையும் தன்னுடைய இடது கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வலத்துலேருந்து எடத்துக்கு" என்றார். கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர் மாதிரி இருந்தது. "அப்ப உத்தரவு இல்லேங்கிறியாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அதோடு முடிந்துவிடும், அவருக்கும் மனசு சமாதானமாகும், ஊரில் போய்ச் சொல்லவும் வசதி: பெருமாள் உத்தரவு கொடுக்கவில்லை. வாய் வரைக்கும் வந்த அந்த ஆமாமை அவள் விழுங்கினாள். தேவநாதன் முதுகுக்குப் பின்னால் அத்தனை வருஷம், இப்போது ஒரு கழுகுக்குப் பின்னால் ஒளிவதா? "உத்தரவு கேட்டது நீங்க. நான் யாரையும் கேக்கல. நான் வரலண்ணே." குரல் உடையவில்லை, அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "தனியா எப்படிம்மா? நான் கண்ண மூடுனா உனக்கு யாரு? உனக்கு அங்க என்ன கொற வெச்சேன் சொல்லு." "காலையில என்னைப் பாத்துட்டு உள்ள போயித் தண்ணி குடிச்சீங்களே." அவர் முகம் சட்டென்று வெளுத்தது. மறுக்க வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "அது... பழக்கம்மா. சத்தியமா உன்னை நெனச்சுச் செய்யல." "தெரியும். நெனக்காமலே வருது பாருங்க, அந்தப் பழக்கத்துக்குள்ள என்னால வந்து இருக்க முடியாது." மேலே மரத்தில் உட்கார்ந்த கழுகு கத்தியது. அத்தனை பெரிய உடம்புக்கு அத்தனை மெல்லிய குரல், கோழிக்குஞ்சு மாதிரி. அண்ணன் அண்ணாந்து பார்த்தார், கும்பிடவில்லை. "மாடியில ரூம் கட்டிட்டேனேம்மா" என்றார், குழந்தை மாதிரி. அவர் கழுத்துத் துண்டு அவிழ்ந்து தொங்கியது. இழுத்துச் சுற்றி முடிந்துவிட்டாள். "ஆவணியில கல்யாணத்துக்கு வரேன். அந்த ரூம்லதான் தங்குவேன். ஆனா நீங்க கெளம்புறப்ப எதிரேதான் வருவேன், சொல்லிட்டேன்."

அவர் ரூத் கொடுத்த பொட்டலத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு ரொம்ப நேரம் ஆற்றையே பார்த்தார். அதில் சூடு இன்னும் மிச்சம் இருந்திருக்க வேண்டும். காற்று ஏறிவிட்டது, பஸ்ஸுக்கு நாளைக்கு டீசல் போட வேண்டும், ராத்திரி பனி கொட்டும் என்று ரேடியோவில் சொன்னார்கள். பயம் எங்கும் போய்விடவில்லை, பின்னந்தலையில் அந்த ணங் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். "குளிருதும்மா, போலாமா?" என்றார் அண்ணன். மேலே ஏறும் சரிவு இறங்கியதைவிட மோசமாகப் பளபளத்தது. அவர் ஒரு காலை எடுத்து வைத்துப் பார்த்தார், வழுக்கியது, பின்வாங்கினார். பிறகு ஒதுங்கி நின்று அவளுக்கு வழி விட்டார். செங்கமலம் முன்னால் ஏறினாள், ஒவ்வொரு காலையும் பனியில் அழுத்தி ஊன்றி, அவர் வைப்பதற்குத் தோதாக. பின்னால் மூச்சிரைப்பு கேட்டது. அவள் கால் எடுத்த இடத்தில் அவர் கால் விழுகிற சத்தம் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது.